ஏரி நடுவில் ஒரு திருப்பூர் பனியன்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. அப்போது நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் என் போனில் இருக்கும் ஒரு புகைப்படம். அதில் என் மகள் நித்யா பாய்மரப் படகின் பின்பக்கம் உட்கார்ந்து சுக்கான் கட்டையைப் பிடித்திருக்கிறாள். மழைச்சட்டையின் ஜிப் நெஞ்சுவரை திறந்திருக்கிறது. உள்ளே வெள்ளைப் பனியனின் கழுத்துப் பட்டி தெரிகிறது. அந்தப் பட்டி தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் படமே எடுத்தேன். ஊரில் இருக்கும் என் மனைவி கோகிலாவுக்கு அனுப்ப வேண்டும். பார், நாம் கொடுத்ததை நம் பெண் போட்டிருக்கிறாள்.

போனைக் கழுத்தில் தொங்கிய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடினேன். மூடிய அதே நொடியில் ஓர் அலை படகின் முன்பக்கம் மோதி எழுந்து, குனிந்திருந்த என்னைத் தாண்டி, நேராக அவள் கழுத்துக்குள் இறங்கியது. ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். "அம்மாடி!" என்று கத்திவிட்டு அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அது பிப்ரவரி மாதம். ஏரித் தண்ணீர் ஐந்து டிகிரி என்று கரையில் ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் படகில் ஏறியிருந்தேன்.

அந்தப் பனியன் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாகத் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவினால் நூலின் நம்பர் சொல்லுவேன். பாரிசில் எங்களிடம் வாங்கும் ஒரு பையர் கம்பெனி, குழந்தை உடை ஆர்டருக்கு முன் துணியை நேரில் பேசி முடிக்க ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். "உம் பொண்ணு அங்கதான இருக்குது, நீயே போய்ட்டு வா," என்றார் முதலாளி. நித்யா இரண்டு வருஷமாகப் பாரிசில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறாள். போன கோடையில் பாய்மரப் படகு ஓட்டும் ஒரு சங்கத்தில் சேர்ந்தாள். கோடையோடு விட்டுவிடுவாள் என்று இருந்தோம். டிசம்பரில் ஒருநாள் போனில், "குளிர்லயும் போறோங்கப்பா, காத்து அப்பத்தான் சூப்பரா இருக்கும்," என்றாள். அன்றிலிருந்து கோகிலா தினமும் பாரிஸ் வெப்பநிலையைப் பார்த்து எனக்கு வாசித்துக் காட்டினாள்.

நான் வாசித்துக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை. சாம்பிள் செக்ஷன் டைலரை உட்கார வைத்து, சீவிய நூலில் பின்னிய இரட்டைப் பின்னல் துணியில், முழுக்கை, முழுக்கால், உடம்போடு ஒட்டி நிற்கும்படி ஆறு செட் தைத்து வாங்கினேன். நூற்றுக்கு நூறு பருத்தி. ஒரு பிசிறு இல்லை. உலகத்தில் எந்தக் கடையிலும் அப்படி ஒரு உள்ளாடை கிடைக்காது என்று அடித்துச் சொல்லுவேன். அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கே போட வேண்டும் என்பதில்தான் தப்பு நடந்தது.

புதன்கிழமை மாலை, பாரிசில் நம் ஆட்கள் நிறைய இருக்கும் லா சப்பல் பகுதிக்கு வந்து சேர்ந்தேன். ரூ பஜோல் என்ற தெருவுக்குப் பக்கத்தில், லிப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. நித்யா அங்கே ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறாள். வீட்டுக்காரர் பெயர் தவராசா. எல்லோருக்கும் தவம். ஐம்பது வயது இருக்கும். மீன் மொத்த வியாபாரம் செய்யும் ஓரிடத்தில், குளிர் அறைக்குள் பெட்டி அடுக்குகிற வேலை. இருபது வருஷமாக அதே அறை.

"வாங்கோ அண்ணை, வாங்கோ. படி ஏறிக் களைச்சுப் போனியள் என்ன? மகள் சொன்னவா, அப்பா வாறார் எண்டு மூண்டு கிழமையா இதே கதைதான்," என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். அவர் மனைவி பொபினி என்ற புறநகரில் ஒரு தங்கையின் பிள்ளைப்பேறுக்குப் போயிருந்ததால் சமையலும் அவரே. சோற்றோடு நெத்தலிக் கருவாட்டுக் குழம்பும் மரவள்ளிக் கிழங்கும் வைத்தார். எங்கள் ஊரில் குழம்பு காரம் என்றால் நாக்கில் நிற்கும். இது காது வரை போனது. வெளியே மூன்று டிகிரி. எனக்கு நெற்றி வேர்த்தது.

வியாழக்கிழமை பையர் ஆபீஸ். அங்கே ஒரு பெண்மணியின் முன் மேசையில் எங்கள் துணியை விரித்து, சொட்டுப் பரிசோதனை செய்து காட்டினேன். அது எங்கள் தொழிலில் சாதாரண விஷயம். துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். எத்தனை சீக்கிரம் துணி அதைக் குடிக்கிறதோ அத்தனை நல்ல துணி. சாயப்பட்டறையில் ஒழுங்காக வெளுக்கவில்லை என்றால் சொட்டு முத்தாக உருண்டு நிற்கும். அந்த லாட்டைத் திருப்பி அனுப்பிவிடுவேன். எங்கள் துணியில் சொட்டு விழுந்த இடம் தெரியவில்லை. அந்த அம்மாள் விரலால் தடவிப் பார்த்து, "அற்புதம்" என்றார். அந்த ஒரு பிரெஞ்சுச் சொல்லைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்பும்போது புறநகர் ரயிலில் கதவு தானாகத் திறக்கும் என்று எதிரில் பெட்டியோடு கம்பீரமாக நின்றேன். திறக்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. பக்கத்தில் நின்ற ஓர் இளைஞர் ஒரு பச்சைப் பொத்தானைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். அடுத்த ஸ்டேஷனில் பொத்தானை மூன்று முறை அழுத்தி இறங்கி, எதிர்வண்டி பிடித்து வந்தேன். நம் ஊர் ரயிலில் கதவே மூடுவதில்லை. அந்த வசதியின் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை முழுவதும் லா சப்பலில் சுற்றினேன். தமிழ் எழுத்துப் பலகைகள், முருங்கைக்காய்க் கட்டுகள், நகைக்கடை, முடிவெட்டும் கடை. ஒரு நொடி எந்த ஊர் என்று சந்தேகம் வரும். பிறகு வாயிலிருந்து புகை வரும், சந்தேகம் தீரும். ஒரு சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸும் பிளேன் டீயும் வாங்கிக்கொண்டு, கல்லாவில் இருந்த அம்மாளிடம் கையுறை எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். படகுக்கு என்றும் சொன்னேன்.

"படகுக்கோ? ஆருக்கு?"

"என் பொண்ணுக்குங்க. ஞாயித்துக்கிழமை ஏரியில பாய்மரப் படகு ஓட்டுதுங்க. நானும் கூடப் போறேன்."

அந்த அம்மாள் உள்ளே திரும்பி, கொத்து ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தவரிடம் சத்தம் போட்டார். "இஞ்சை கேளுங்கோ, எங்கட ஆக்கள் படகிலை ஏறினது உயிர் தப்ப. இவரின்ரை மகள் ஆசைக்கு ஏறுறாவாம். அதுவும் மாசியிலை!"

"நல்லதுதானே," என்றார் அவர், தகட்டில் தட்டுவதை நிறுத்தாமல். "ஆராவது ஒருத்தர் ஆசைக்கும் ஏறத்தானே வேணும்."

சனிக்கிழமை தவம் வீட்டில் இருந்தார். நான் ஆறு செட்டையும் கட்டிலில் அடுக்கி வைத்துப் பெருமையாகக் காட்டினேன். கையில் எடுத்துப் பார்த்தார். "வடிவான துணி அண்ணை," என்றார். பிறகு கீழே வைத்தார். "ஆனால் நாளைக்கு உந்தப் பனியனைப் போடாதேங்கோ."

"ஏனுங்க தம்பி?"

"குளிர் அறைக்குள்ளை நாங்கள் பருத்தி போடுறேல்லை. புதுசா வாற பொடியள் போட்டுக்கொண்டு வருவாங்கள். முதல் நாள் பெட்டி தூக்கி வேர்க்கும். போஸ் நேரம், இடைவேளையிலை, சும்மா இருக்கேக்கை பல்லுக் கிட்டும். அடுத்த நாள் தாங்களாக் கழட்டி வைச்சிடுவாங்கள்."

"நான் இருபத்தெட்டு வருஷமா இதிலதான் பொழைக்கறேனுங்க. ஒடம்புக்குப் பருத்திய விட ஒண்ணு இருக்குதுங்களா?"

"உங்கட ஊர் வெயிலுக்கு ஓம். இஞ்சை அது வேர்வையைக் குடிச்சுப்போட்டு முதுகோடை ஒட்டிக்கொண்டு கிடக்கும். பிறகு அது உங்களைச் சூடாக்காது அண்ணை. நீங்கள்தான் அதைச் சூடாக்கவேணும்."

எனக்குச் சுருக்கென்றது. மீன் பெட்டி அடுக்குகிறவர் எனக்குத் துணி சொல்லித் தருகிறாரா என்று மனசுக்குள் ஓடியதை மறைக்க மாட்டேன். வாயில், "பாக்கலாமுங்க," என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு விவாதத்தை விட்டுவிட்டார். அலமாரியைத் திறந்து இரண்டு ஆட்டுரோம ஸ்வெட்டர்களும், தான் வேலைக்குப் போடும் மஞ்சள் மழைச்சட்டையும் காற்சட்டையும் எடுத்தார். "நீங்களாவது இதைப் போட்டுக்கொண்டு போங்கோ. மீன் மணக்கும், சொல்லிப்போட்டன்." மரியாதைக்காக வாங்கிக்கொண்டேன்.

இதை வாசிக்கிற யாராவது குளிர்காலத்தில் சிறிய படகில் ஏற நினைத்தால், தவம் அன்று சொன்னதையும் நான் பிறகு பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்லுகிறேன். உடம்பை ஒட்டிப் போடுவது தண்ணீரைக் குடிக்காத துணியாக இருக்க வேண்டும். ஆட்டுரோமம் அல்லது செயற்கை நூல். அதன் மேல் தடிமனாக ரோமம். எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத சட்டை, கழுத்து வரை ஜிப் போட்டு. கையுறைக்குள் கிளம்பும் முன் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாம். தொப்பியை மறக்கக் கூடாது. சிறிய படகில் எழுந்து நடக்க முடியாது, அதனால் உட்காரும் இடத்தில் தடித்த ஸ்பாஞ்ச் ஒன்று வேண்டும்; குளிர் முதலில் அடியிலிருந்துதான் ஏறும். வேர்க்கிற அளவுக்கு உழைக்காதீர்கள். வேர்த்தால் உடனே ஜிப்பைத் திறக்காதீர்கள், உள்ளே ஒன்றைக் கழற்றிவிட்டு மூடுங்கள். இதையெல்லாம் இப்போது திருப்பூரில் என் டேபிளுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லுகிறேன். அவர்களில் ஒருவரும் படகில் ஏறப் போவதில்லை. இருந்தாலும் சொல்லுகிறேன்.

அன்று மாலை நித்யாவின் நாற்காலியில் சங்கத்தில் வாங்கிய கறுப்பு உள்ளாடை ஒன்று மடித்துக் கிடந்தது. செயற்கை நூல். தொட்டால் நழுவியது. அதன் மேல் என் வெள்ளைப் பனியனை வைத்தேன்.

"நாளைக்கு இதப் போட்டுக்க சாமி. அம்மாவும் கேட்டா."

அவள் பனியனை எடுத்து, கைப்பகுதியின் தையலைத் திருப்பிப் பார்த்தாள்.  பிறகு, "சரிங்கப்பா," என்றாள். கறுப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, தவம் கையில் கொடுத்துவிட்ட பிளாஸ்கோடு, ரயிலில் ஒரு மணி நேரம். ஏரி எதிர்பார்த்ததைவிடப் பெரியது. நடுவில் மரங்கள் நிறைந்த ஒரு தீவு. சங்கத்தின் பாதுகாப்புப் படகு ஓட்டுகிறவர் சிவப்புத் தொப்பி போட்ட ஓர் அம்மாள், அறுபது வயது. கரையில் வரிசையாக எல்லோரிடமும் போய் ஜிப்பை இழுத்துப் பார்த்தார், உயிர்காப்புச் சட்டையின் வாரைத் தட்டினார். நித்யாவிடம் ஏதோ கேட்டார். நித்யா தலையை இடவலமாக ஆட்டினாள். என்னைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். நான் போட்டிருந்த தவத்தின் உடுப்பில் மீன் வாசம். "அற்புதம்," என்றேன் பிரெஞ்சில். அவர் சத்தமாகச் சிரித்தார்.

எங்கள் படகு பதின்மூன்று, பதினான்கு அடி. எஞ்சின் கிடையாது. அதைத் தள்ளுவண்டியோடு சேற்றில் இழுத்து இறக்குவதற்குள் நித்யாவுக்கு வேர்த்துவிட்டது. ஜிப்பை நெஞ்சுவரை இறக்கினாள். "காத்து நல்லா இருக்குது!" என்றாள். எனக்கு ஒரு கயிற்றைக் கொடுத்து, "சொன்னா இழுங்க, சொன்னா விடுங்க, அவ்வளவுதான்," என்றாள். வீட்டில் நான் அவளிடம் பேசுகிற தோரணை அது.

உண்மையைச் சொல்லுகிறேன், முதல் முக்கால் மணி நேரம் ஆனந்தமாக இருந்தது. பாய் விம்மியதும் படகு சாய்ந்து, சத்தமே இல்லாமல் ஓடியது. என் பெண் காற்றைக் கன்னத்தால் பார்த்து ஓட்டினாள். அவளுக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அப்போதுதான் படம் எடுத்தேன்.

அலை விழுந்த பிறகும் அவள் நன்றாகவே ஓட்டினாள். நான்தான் "ஜிப்பப் போடு கண்ணு" என்றேன், போட்டாள். உள்ளே போன தண்ணீர் உள்ளேயே இருந்தது. பதினொன்றரைக்குத் தீவின் பின்பக்கம் வந்தபோது காற்று நின்றது. பாய் துவைத்துக் காயப்போட்ட போர்வை மாதிரி தொங்கியது. படகில் ஒரே ஒரு துடுப்பு. நித்யா துடுப்புப் போட்டாள். பத்து வீச்சுக்குள் கை நழுவி அது படகுக்குள் விழுந்தது. எடுக்கப் போனாள், விரல் மடங்கவில்லை. பற்கள் தாளம் போட்டன. ஒரு கையால் போனை எடுத்துச் சங்கத்துக்கு அழைத்தாள். "இன்னொரு படகுல பாய்மரம் சாஞ்சிருச்சாம்ப்பா. அத இழுத்துக் கரையில விட்டுட்டு வர்றாங்களாம். அரை மணி ஆகும்."

நான் துடுப்பை எடுத்தேன். படகு ஒரு சுற்று சுற்றி, முன்பு பார்த்த திசையையே பார்த்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் பற்களின் சத்தம் நின்றது. "குளிருதா கண்ணு?" என்றேன்.

"இல்லீங்கப்பா. இப்பக் குளிரல."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. குளிரில் நடுக்கம் நிற்பது உடம்பு தோற்பதன் அறிகுறி என்று அப்போது எனக்குத் தெரியாது. ஐந்து நிமிடம், ஒருவேளை அதற்கும் மேல், நான் மரங்களைப் பார்த்துக்கொண்டு, பெண் தேறிவிட்டாள் என்று உட்கார்ந்திருந்தேன்.

"வண்டிய எடுங்கப்பா," என்றாள். நாக்கு தடித்துப் பேசினாள். "டியூசனுக்கு நேராவுது."

திரும்பிப் பார்த்தேன். உதடு நீலமாக இருந்தது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னிடம் வரவில்லை.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அந்த ஊரில் கூப்பிடுவதற்கு இருந்த ஒரே ஆள் தவம். கையுறையைப் பல்லால் கழற்றி, போனை ஸ்பீக்கரில் போட்டு அவரை அழைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார்.

"நித்யா நனைஞ்சிருச்சுங்க தம்பி. ஏரி நடுவுல நிக்கறோம். பேச்சுக் கொழறுதுங்க."

"நடுங்குறாவோ?"

"இல்லீங்க, நின்னுருச்சு."

 பிறகு வந்த குரல், குழம்பு ஊற்றிய மனிதருடையது அல்ல. "அண்ணை, நான் சொல்லுறதை மட்டும் செய்யுங்கோ. உள்ளுக்கு என்ன போட்டிருக்கிறா?"

"பனியனுங்க."

"கழட்டுங்கோ. ஈரம் எல்லாம். இப்ப."

"பொம்பளப் புள்ளைங்க தம்பி, நான் எப்படி…"

"வெக்கத்தைப் பிறகு பாப்பம். பாயை இறக்கி மேலாலை மூடுங்கோ. உங்கட உடம்பிலை இருக்கிற ரெண்டு ஸ்வெட்டரையும் அவவுக்குக் குடுங்கோ. கை காலைத் தேய்க்காதேங்கோ. நெஞ்சும் முதுகும்தான் முதல்ல சூடாகவேணும். நான் போனை வைக்கேல்லை."

பாயை இறக்க எந்தக் கயிறு என்று எனக்குத் தெரியாது. முடிச்சு இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். நான்காவதில் பாய் மொத்தமாக எங்கள் தலைமேல் சரிந்து விழுந்தது. அதுவே கூடாரம் ஆனது. அவளை எனக்கு முதுகு காட்டி உட்கார வைத்தேன். அவள் குழந்தை மாதிரி சொன்னபடி கேட்டாள். எதிர்த்திருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும். உயிர்காப்புச் சட்டை, மழைச்சட்டை, மேலே போட்டிருந்த ஸ்வெட்டர் எல்லாம் வந்தன. பனியன் வரவில்லை. அளவெடுத்து உடம்போடு ஒட்டத் தைத்தது. நனைந்து தோல் மாதிரி பிடித்திருந்தது. கை முழங்கையைத் தாண்டவில்லை.

"வரமாட்டேங்குதுங்க தம்பி!"

"வெட்டுங்கோ."

உயிர்காப்புச் சட்டையில் ஒரு சிறிய கத்தி தொங்கும், கயிறு வெட்ட. அதை எடுத்து, கழுத்துப் பட்டியில் நுழைத்து, முதுகு வழியாகக் கீழ்வரை இழுத்தேன். இரட்டைப் பின்னல், லேசில் விட்டுக் கொடுக்கவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ பழுதான பீஸை வெட்டிப் போட்டிருக்கிறேன். பழுதே இல்லாத பீஸை வெட்டியது அன்றுதான்.

கையில் எடுத்தபோது அது ஈரத் துண்டு மாதிரி கனத்தது. வியாழக்கிழமை மேசையில் ஒரு சொட்டு. இதில் ஒரு வாளி. துணி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. தண்ணீரைக் குடிக்கிற துணியை நல்ல துணி என்று கையெழுத்துப் போட்டவன் நான். அது குடித்ததை எங்கே வைத்திருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

என் மழைச்சட்டையையும் மீன் வாசமடித்த இரண்டு ஸ்வெட்டர்களையும் கழற்றினேன். கண்ணை மூடிக்கொண்டே அவள் தலைவழியாக ஒவ்வொன்றாக இறக்கினேன். காய்ந்திருந்த என் மழைச்சட்டையையும் அவளுக்கே போட்டுக் கழுத்து வரை ஜிப்பை இழுத்தேன். என் தொப்பியை மாட்டினேன். என் உடம்பில் மிஞ்சியது என் சொந்தப் பனியன். அதன் மேல் அவளுடைய ஈரமான மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டேன். உட்காரும் ஸ்பாஞ்ச் இரண்டையும் அவளுக்கு அடியில் வைத்து, பின்னாலிருந்து கட்டிப் பிடித்து உட்கார்ந்தேன். அவளை அப்படிப் பிடித்துப் பதினைந்து வருஷம் இருக்கும்.

"விழுங்குறாவோ எண்டு பாருங்கோ," என்றது போன். "பிளாஸ்கிலை இஞ்சித் தேத்தண்ணி வைச்சனான். இனிப்புக் கூடவாப் போட்டிருக்கு. சும்மா ஒரு முடறு, ஒரு முடறாக் குடுங்கோ."

முதல் மடக்கு தாடையில் வழிந்தது. இரண்டாவது இறங்கியது. மூன்றாவதுக்கு அவள் முகத்தைச் சுளித்தாள். பாயின் அடியில் மங்கலான வெள்ளை வெளிச்சம். படகின் பலகையில் தண்ணீர் தட்டுகிற சத்தம். எனக்குத் தெரிந்த சாமி பெயர்கள் தீர்ந்துபோய், தெரிந்த நூல் நம்பர்களைச் சொல்லத் தொடங்கினேன். இருபது, இருபத்தைந்து, முப்பது, முப்பத்து நாலு. என்ன சொல்லுகிறீர்கள் என்று தவம் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

நாற்பது வரும்போது என் கைக்குள் ஏதோ உதறியது. அவள் நடுங்கத் தொடங்கியிருந்தாள். படகே ஆடும்படி நடுங்கினாள்.

"தம்பி, நடுங்குதுங்க! மறுபடி நடுங்குதுங்க!"

"நடுங்கட்டும் அண்ணை, நல்லா நடுங்கட்டும்!" என்று கத்தினார்.  "அப்பாடா. அடுப்பிலை சோறு கருகிப் போச்சு. பரவாயில்லை."

நித்யா கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சினாள். "மீன் நாத்தம்," என்றாள், ஒவ்வோர் எழுத்தாக.

"ஆமா கண்ணு."

"அந்தம்மா… கரையில கேட்டாங்கப்பா. உள்ள பருத்தி போட்டிருக்கியான்னு. போட்டா எறங்க விட மாட்டாங்க. நான் இல்லைன்னு சொல்லிட்டேன்."

"உனக்குத் தெரியுமா? தெரிஞ்சா போட்ட?"

"மொத நாள் கிளாஸ்லயே சொல்லித் தந்தாங்க."

"அப்புறம் ஏன் சாமி?"

"நீங்க பக்கத்துலயே நின்னீங்களேப்பா."

 என் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன.  ஈரமான மழைச்சட்டையின் குளிர் என் பனியனைத் தொட்டு, அதன் வழியாக மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது. தவம் சொன்னது சரிதான். நான்தான் அதைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு இருபதுக்கு எஞ்சின் சத்தம் கேட்டது. பாயை யாரோ வெளியிலிருந்து தூக்கினார்கள். சிவப்புத் தொப்பி அம்மாள் எங்கள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கையுறையை உருவி, நித்யாவின் கழுத்தில் விரலை வைத்தார். முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் கண்ணைப் பார்த்தார். பெயரைக் கேட்டார், கிழமையைக் கேட்டார், நித்யா சொன்னாள். பிறகு படகுக்குள் கிடந்த, முதுகில் வெட்டிய வெள்ளைப் பனியனைப் பார்த்தார். அங்கிருந்து என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என்னை நோக்கி விரலை நீட்டி, உரத்த குரலில், நிறுத்தாமல் பேசினார்.

திட்டு என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்தேன். நித்யா என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். ஒரு சொல்கூடக் குழறாமல், தெளிவாக, வேகமாகச் சொன்னாள்:

"'இந்தப் பொண்ணு பொழச்சிட்டா, இப்ப ஒறைஞ்சிட்டு இருக்கறது இவருதான், மொதல்ல இவர ஏத்துங்க'ங்கறாங்கப்பா. எந்திரிங்க."